நாலாவது முறைக்கு நின்ற ஆப்பிள் சீஸ்கேக்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து முதல் துண்டை வெட்டினேன். அடியில் பிஸ்கட், அதன்மேல் வெள்ளையாகச் சீஸ், அதற்கு மேல் ஆப்பிள், உச்சியில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் உதிரியாகச் சேர்த்துச் சுட்ட கிரம்பிள். நாலும் தனித்தனியாகத் தெரிந்தன, ஒன்றையொன்று விடாமல் நின்றன. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வேலை இது. மூன்று முறை கெட்டு நாலாவது முறைதான் வந்தது. எடை, நேரம், செலவு எல்லாம் அப்போதைக்கப்போது ஒரு நோட்டில் குறித்து வந்ததால் வரிசையாகச் சொல்ல முடிகிறது.

ஆரம்பித்து வைத்தது காக்கா, அதாவது என் அண்ணன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, பக்கவாட்டு வளையம் தனியாகக் கழன்று வரும் 20 சென்டிமீட்டர் டின் ஒன்றை வாங்கி வந்தார். அங்கே ஒரு பேக்கரியில் சாப்பிட்ட ஆப்பிள் சீஸ்கேக்கை அடுக்கடுக்காக விவரித்துவிட்டு, "இதை நீ வீட்டிலேயே செய்யலாம்" என்றார். எங்கள் ஊரான கீழக்கரையில் வளைகுடாவுக்குப் போன ஆள் இல்லாத வீடு குறைவு. அப்படி வந்து சேர்ந்த ஒரு ஓடிஜி, அதாவது கரண்டில் ஓடும் சின்னப் பேக்கிங் அடுப்பு, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 28 லிட்டர், 1500 வாட். அதில் நான் சாதாரண கேக்கும் பிஸ்கட்டும் நிறையச் செய்திருக்கிறேன். சீஸ்கேக் செய்ததில்லை.

முதல் முறை, கிரீம் சீஸுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். 2 லிட்டர் பால் வாங்கி, ஒரு லிட்டரை எலுமிச்சை பிழிந்து திரித்துப் பனீர் ஆக்கினேன். இன்னொரு லிட்டரைத் தயிராக்கித் துணியில் கட்டி 4 மணி நேரம் தொங்கவிட்டேன். இரண்டையும் மிக்ஸியில் அரைத்து, முட்டை, சர்க்கரை, வெனிலா சேர்த்தாயிற்று. மாரி பிஸ்கட் தூளில் வெண்ணெய் கலந்து டின்னின் அடியில் அழுத்தினேன். பாதிச் சீஸ் கலவையை ஊற்றி, தோல் சீவிய ஆப்பிளைப் பச்சையாகவே மெல்லிய வில்லைகளாக அடுக்கி, மீதிக் கலவையை மேலே ஊற்றி, கிரம்பிளைத் தூவி, 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வளையத்தைக் கழற்றினால், அடித்தட்டிலிருந்து தண்ணீர் ஓடி வருகிறது. ஒரு டம்ளரில் வடித்து அளந்தேன், 60 மில்லி. வெட்டியதும் மேல் பாதி ஆப்பிள் வில்லைகளின்மேல் சறுக்கிக்கொண்டு தனியே வந்துவிட்டது. வாயில் வைத்தால் மணல் மணலாக இருந்தது. பனீரை எவ்வளவு அரைத்தாலும் அந்த நறநறப்பு போகாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

உம்மா ஒரு கரண்டி எடுத்துத் தின்று பார்த்துவிட்டு, "பழத்தை வத்த வைக்கலியாம்மா? வத்தாத பழத்தை உள்ள வச்சு மூடினா அந்தத் தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டார். உம்மா தொதல் கிண்டுகிறவர். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டினால், சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு எண்ணெய் பிரியும். அந்த இடத்துக்கு முன்னால் இறக்கினால் தொதல் நாலு நாளில் கெட்டுவிடும். அவருக்குப் பலகாரம் என்றால் முதலில் தண்ணீர் கணக்குதான். குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிற ஊரில், ஒரு கேக்குக்குள் இருக்கிற தண்ணீரை வெளியேற்றத்தான் எனக்கு அதற்கப்புறம் மூன்று முறை தேவைப்பட்டது.

இரண்டாவது முறை மே மாதக் கடைசி. ராமநாதபுரம் போய் 200 கிராம் கிரீம் சீஸ் டப்பா இரண்டு வாங்கினேன். பஸ்ஸில் 17 கிலோமீட்டர் சொச்சம் திரும்பி வர வேண்டும், வெயில் 37 டிகிரி. வீட்டில் மீன் வாங்கப் பயன்படும் தெர்மோகோல் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே ஐஸ் போட்ட பையோடு எடுத்துப் போயிருந்தேன். டப்பா சில்லென்றுதான் வந்து சேர்ந்தது.

இந்த முறை ஆப்பிளை வேகவைத்தேன். ஆனால் சிவப்பு ஆப்பிள் மட்டும் போட்டதால் 10 நிமிடத்தில் கூழாகிவிட்டது. கூழை வேகாத சீஸ் கலவையின்மேல் பரப்பினேன். அதன் கனத்துக்கு நடுவில் குழி விழுந்து உள்ளே இறங்கிவிட்டது. வெட்டிப் பார்த்தால் அடுக்கே இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு திட்டுதான் இருந்தது.

வெடிப்பு வராமலிருக்க டின்னை வெந்நீர்த் தட்டில் வைத்துச் சுட வேண்டும் என்று படித்திருந்தேன். டின்னுக்கு அலுமினியத் தாள் இரண்டு சுற்றுச் சுற்றி, தட்டில் வெந்நீர் ஊற்றி வைத்தேன். கடையில் கிடைத்த தாள் மெல்லியது, மடிப்பில் எங்கோ கிழிந்திருக்கிறது. நீர் உள்ளே போய், பிஸ்கட் அடுக்கு ஊறிக் களியாகிவிட்டது.

இதோடு இன்னொன்றும் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரத்துக் குறைவு என்பதால், நாட்டுப்படகில் நல்ல மீன் வந்தால் கூடுதலாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம். அன்றைக்கு மேல் தட்டில் மசாலா தடவிய விளமீன் இருந்தது. அதற்குக் கீழ்த் தட்டில் ஒரு ராத்திரி முழுக்கத் திறந்தபடி கேக். வெண்ணெயும் சீஸும் பக்கத்தில் இருக்கிற வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். லாத்தா (அக்கா) பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. 700 ரூபாய்க்கு மேல் செலவழித்த கேக் அது, எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அப்புறம் இரண்டு மாதம் தொடவில்லை. அந்த இடைவெளியில், அடுப்புக்குள் வைக்கிற வட்ட முள் தெர்மாமீட்டர் ஒன்று 380 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வேலையில் நான் செய்த உருப்படியான முதலீடு அதுதான். குமிழை 160-இல் வைத்துக் காலி அடுப்பைச் சூடாக்கிப் பார்த்தால், முள் 185-இல் நிற்கிறது. 140-இல் வைத்தால் 160, 130-இல் வைத்தால் 150. இத்தனை வருடம் நான் சுட்ட கேக்கெல்லாம் ஓரம் கருத்ததற்குக் காரணம் அன்றைக்குப் புரிந்தது. முதல் சீஸ்கேக் வெடித்ததும் இதனால்தான். அன்றைக்கு 170 என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது 190-க்கு மேலே இருந்திருக்கும்.

மூன்றாவது முறை ஜூலை கடைசி. இந்த முறை கெட்டது கிரம்பிள். மைதா, வெண்ணெய், சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி, பட்டைத்தூள். சர்க்கரைக்குப் பதிலாக முழுக்கக் கருப்பட்டி போட்டால் மணம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மணம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதுவும் கடல்காற்று அடிக்கிற வீட்டில் சீவி வைத்த பத்து நிமிடத்தில் பிசுபிசுத்துவிடும். கை வைத்துப் பிசையும்போதே வெண்ணெய் உருகி, உதிரியாக வர வேண்டிய மாவு சப்பாத்தி மாவுபோல ஒரே உருண்டையாகத் திரண்டது. பிய்த்துப் பிய்த்து மேலே போட்டேன். அது பரவித் தகடாகிவிட்டது.

சுட ஆரம்பித்து 45-ஆவது நிமிடம் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஓடிஜி ஓடாது. கேக் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் கதவைத் திறக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். 50 நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தபோது முள் 80 டிகிரி காட்டியது. திறந்து டின்னை லேசாக ஆட்டிப் பார்த்தேன். ஓரம் உறுதியாக இருந்தது, நடு மட்டும் மெல்ல அசைந்தது. திரும்பச் சூடேற்றாமல் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வெட்டினால், தகடான கிரம்பிளுக்கு அடியில் சீஸ் அடுக்கு பட்டுபோல இருந்தது. ஒரு கீறல் கிடையாது. மூன்று முறையில் அவ்வளவு வழவழப்பாக வந்தது அதுதான்.

கரண்ட் போனதால் கிடைத்த பாடம் இது. சீஸ் அடுக்குக்குத் தீ போதும் என்றானபின் மிச்ச வேலையை அடுப்பிலிருக்கும் சூடே முடித்துவிடும். முட்டை சேர்ந்த கலவை மெதுவாக இறுக வேண்டும். வேகமாகச் சூடானால் உப்பும், ஆறும்போது சுருங்கி வெடிக்கும். கிரம்பிளுக்கோ நல்ல சூடு வேண்டும், ஈரமில்லாத சூடு. இரண்டையும் ஒரே தீயில் ஒரே நேரத்தில் முடிக்கப் பார்த்ததுதான் என் பிழை.

நாலாவது முறைக்கு வருகிறேன். செப்டம்பரில் புது இமாசல ஆப்பிள் வந்திருந்தது. சிவப்பு ஆப்பிள் 450 கிராம், புளிப்புள்ள பச்சை ஆப்பிள் 300 கிராம். தோலும் நடுப்பகுதியும் நீக்கி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டியதும் 590 கிராம் நின்றது. 40 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சைச் சாறு சேர்த்து அரை மணி நேரம் வைத்தேன். விட்ட சாற்றை வடித்து அளந்தால் 90 மில்லி. அந்தச் சாற்றை மட்டும் முதலில் அகலமான சட்டியில் பாதியாக வற்றவிட்டு, பச்சை ஆப்பிளைப் போட்டு 5 நிமிடம், பிறகு சிவப்பு ஆப்பிளும் பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டியும் போட்டு 6 நிமிடம். மூடி போடவே கூடாது. உம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். கரண்டியால் சட்டியின் நடுவே கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், தொதலுக்குப் பார்க்கிற அதே பதம். இறக்கி ஆறியதும் எடை 425 கிராம். சர்க்கரையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 200 கிராமுக்கு மேல் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. முதல் முறை அந்தத் தண்ணீர் அத்தனையும் கேக்குக்குள்தான் இருந்தது.

தயிரைக் கட்டுவதிலும் மாற்றம் செய்தேன். ஒரு லிட்டர் பாலின் தயிரை வாப்பாவின் பழைய மல் வேட்டித் துண்டில் கட்டி, வடிகட்டியில் வைத்து, மேலே அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 14 மணி நேரம் வைத்தேன். வெளியே தொங்கவிட்டால் இந்த வெயிலில் புளித்துவிடுகிறது. 310 கிராம் கெட்டித் தயிர் கிடைத்தது, 250 எடுத்துக்கொண்டேன்.

அடி அடுக்கு: மாரி பிஸ்கட் 200 கிராம், உருக்கிய வெண்ணெய் 90 கிராம். தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்தி, 160 டிகிரியில் 10 நிமிடம் தனியாகச் சுட்டு முழுக்க ஆறவிட்டேன். இப்படிச் சுட்டால் அது மேலிருந்து வரும் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும்.

சீஸ் அடுக்கு: கிரீம் சீஸ் 400 கிராம், கெட்டித் தயிர் 250, சர்க்கரை 120, சோளமாவு 15, முட்டை 3, வெனிலா ஒரு தேக்கரண்டி. கிரீம் சீஸை இரண்டு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு 40 நிமிடம் போதும். சீஸையும் சர்க்கரையையும் பீட்டரின் குறைந்த வேகத்தில் கட்டியில்லாமல் அடித்து, தயிரும் சோளமாவும் சேர்த்தேன். முட்டையைக் கடைசியில் ஒவ்வொன்றாக, கரண்டியாலேயே கலந்தேன். முட்டை போட்டபின் அடித்தால் காற்று ஏறும், அந்தக் காற்றுதான் உள்ளே உப்பி மேலே வெடிப்பாக வருகிறது. ஊற்றியபின் டின்னை மேஜையில் நாலு தட்டுத் தட்டினேன், குமிழிகள் மேலே வந்து உடைந்தன.

வெந்நீர்த் தட்டுக்கு அலுமினியத் தாளை நம்பவில்லை. 20 சென்டிமீட்டர் டின்னை அடி ஒட்டில்லாத 23 சென்டிமீட்டர் கேக் டின்னுக்குள் இறக்கி, அந்த இரண்டையும் சேர்த்து வெந்நீர்த் தட்டில் வைத்தேன். வெந்நீர் வெளி டின்னைத்தான் தொடும், உள் டின்னைத் தொடவே தொடாது. தட்டில் ஊற்றியது எங்கள் வீட்டு போர் தண்ணீர். உப்பு அதிகம் என்பதால் தட்டிலும் வெளி டின்னிலும் வெள்ளைக் கறை படிந்தது, புளி போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது.

உள்ளே 150 டிகிரி, அதாவது என் குமிழில் 130. முதல் 40 நிமிடம் சீஸ் மட்டும். மேல்பரப்பு ஆடை கட்டினாற்போல ஆனதும் தட்டைப் பாதி வெளியே இழுத்து, ஆறிய ஆப்பிளைக் கரண்டி கரண்டியாக ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பரப்பினேன். ஒரு துண்டுகூட இறங்கவில்லை. அதன்மேல் செய்து வைத்த கிரம்பிளில் பாதி. மறுபடி 35 நிமிடம். டின்னைத் தட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பம்போல ஆடியது. அந்த ஆட்டம் வேண்டும், முழுக்க இறுகும்வரை வைத்தால் மறுநாள் வறண்டுவிடும். அடுப்பை அணைத்துக் கதவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டேன், அப்புறம் ஒரு மரக்கரண்டியைக் கதவில் சொருகி இன்னும் அரை மணி.

கிரம்பிள் இந்த முறை இப்படி: மைதா 100 கிராம், வெண்ணெய் 70, சர்க்கரை 30, கருப்பட்டி 25, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. கடை வெண்ணெயிலேயே உப்பு இருப்பதால் தனியாகப் போடவில்லை. வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக உறையவிட்டு, கேரட் துருவியில் துருவி மாவோடு விரல் நுனியால் உதிர்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் கை படக்கூடாது, உடனே கிண்ணத்தோடு மறுபடி ஃப்ரீசருக்குள் அரை மணி நேரம். கேக்கின்மேல் போட்டது பாதிதான். மீதிப் பாதியை, கேக்கை வெளியே எடுத்தபின் தட்டில் பரப்பி 170 டிகிரியில் 18 நிமிடம் தனியாகச் சுட்டு, ஆறியதும் இறுக்கமான டப்பாவில் அடைத்தேன். உள்ளே சுட்ட பாதி ஆப்பிளோடு ஒட்டிக்கொண்டு அடித்தளமாக நிற்கிறது. தனியாகச் சுட்ட பாதியைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். முன்னாடியே தூவினால் ஃப்ரிட்ஜ் ஈரத்தில் காலைக்குள் நமுத்துவிடும்.

வட்டலப்பம் அவிக்கும்போது உம்மா பாத்திரத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் மூடி போடுவார், மூடியில் சேரும் நீர் சொட்டாமலிருக்க. அதையே இங்கும் செய்தேன். நன்றாக ஆறிய கேக்கை டின்னோடு பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, வாயில் துணி கட்டி, மூடியை அழுத்தி மூடினேன். மீன் எதுவும் ஃப்ரிட்ஜில் இல்லாத வியாழக்கிழமை பார்த்துத்தான் செய்தேன். 15 மணி நேரம் கழித்து வெள்ளிக்கிழமை மதியம் திறந்தபோது, துணியில் ஈரம் இருந்தது, கேக்கில் இல்லை.

செலவு: கிரீம் சீஸ் 310, வெண்ணெய் 200 கிராம் 124, பிஸ்கட் 35, ஆப்பிள் 150, முட்டை 21, பால் 52, சர்க்கரை மைதா கருப்பட்டி வகையறா 45. மொத்தம் 737 ரூபாய். 12 துண்டு வந்தது, துண்டுக்கு 61 ரூபாய் சொச்சம். கெட்டுப்போன மூன்றையும் தெர்மாமீட்டரையும் இதில் சேர்க்கவில்லை.

உம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். இனிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார், எனக்கு இந்த அளவு சரி. காக்காவுக்கு வீடியோ காலில் வெட்டிய பக்கத்தைக் காட்டினேன். டின்னைக் கொடுத்தபோது சொன்ன அதே நாலு அடுக்கு என்று அவரே எண்ணிச் சொன்னார்.

அடுத்த முறை மாற்றப்போவது மூன்று. பச்சை ஆப்பிளைப் பாதிக்கு மேல் கூட்ட வேண்டும், கடியில் உறுதியாக நின்ற துண்டுகள் எல்லாம் அதுதான். பிஸ்கட் அடுக்கு வெட்டுவதற்குக் கொஞ்சம் கடினமாக இருந்தது, வெண்ணெயை 80 கிராமாகக் குறைத்துப் பார்ப்பேன். தனியாகச் சுடும் கிரம்பிள் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமை டப்பாவின் அடியில் மிஞ்சியது ஒரு கைப்பிடிதான், அதுவும் மொறுமொறுப்பு குறையாமல் இருந்தது. மாவை 150 கிராமாக்கி, மூன்றில் இரண்டு பங்கைத் தனியாகச் சுடப் போகிறேன். காக்கா டிசம்பரில் வருகிறார்.